‘புருசன்தான் செஞ்சிருப்பான்’: சதாசிவம் வழக்கும் ஊர்ப்பேச்சும்

மறைமலை நகரிலோ பொத்தேரியிலோ கூடுவாஞ்சேரியிலோ மணமான பெண் ஒருத்தி வீட்டுக்குள் இறந்துகிடந்தாள் என்று செய்தி வந்தால், உடல் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைப் பிணவறைக்குப் போய்ச் சேருமுன்பே இரண்டு பேச்சு கிளம்பிவிடும். ‘புருசன்தான் செஞ்சிருப்பான், வேற யாரு?’ என்பது ஒன்று. ‘அவ எப்படி இருந்தாளோ, நமக்கென்ன தெரியும்?’ என்பது இன்னொன்று. மின்சார ரயில் தாம்பரம் வந்து சேர்வதற்குள் இரண்டு கட்சிக்கும் ஆள் சேர்ந்துவிடும். நான்காம் நாள் பேச்சு ஓய்ந்திருக்கும். விசாரணை அப்போதுதான் சூடு பிடிக்கத் தொடங்கியிருக்கும்.

இந்தப் பேச்சை வெறும் வம்பு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. முதல் பேச்சுக்குப் பின்னால் கனமான உண்மை ஒன்று இருக்கிறது. 2023-இல் உலகம் முழுவதும் ஏறத்தாழ 85,000 பெண்களும் சிறுமியரும் கொல்லப்பட்டார்கள் என்றும், அவர்களில் சுமார் 51,100 பேரைக் கொன்றவர்கள் கணவனோ துணைவனோ குடும்பத்தாரோதான் என்றும் ஐ.நா. கணக்கிட்டது. இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 6,450 வரதட்சணை மரணங்கள் பதிவானதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. பெண்ணுக்கு ஆபத்து தெருவைவிட வீட்டுக்குள்தான் அதிகம் என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. எனவே காவல்துறை தன் விசாரணையைக் கணவனிடமிருந்து தொடங்குவதில் தவறேதும் இல்லை.

தொடங்குகிற இடத்திலேயே முடித்தும்விடுவதுதான் சிக்கல். ஆயிரம் வீடுகளில் நடந்தது ஆயிரத்தோராவது வீட்டில் என்ன நடந்தது என்று சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவை உடலில் உள்ள காயம், தரையில் உள்ள கறை, கடிகாரம், கண்ணால் பார்த்த ஆள் ஆகியவைதான். இதைத் தமிழர் உலகில் மிகத் துல்லியமாகக் காட்டிய வழக்கு எழுபது ஆண்டுகளுக்கு முன் கொழும்பில் நடந்தது.

மகாதேவா சதாசிவம் 1915-இல் பிறந்த இலங்கைத் தமிழர். வெஸ்லி கல்லூரி மாணவர், தமிழ் யூனியன் கிரிக்கெட் கழகத்தின் மட்டையாளர். சென்னை ரசிகர்களுக்கும் அவர் அந்நியரல்ல. 1947-இல் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள் குவித்தார். அடுத்த ஆண்டு பிராட்மனின் ஆஸ்திரேலிய அணி கப்பல் வழியில் கொழும்பில் இறங்கி ஆடியபோது இலங்கை அணிக்கு அவர்தான் தலைவர். ஆடுகளத்தில் இருந்த ஒழுங்கு வாழ்க்கையில் இல்லை. குடி, கேளிக்கை, வேறொரு பெண்ணுடன் உறவு என அவருடைய நடத்தை கொழும்பு முழுவதும் தெரிந்த கதை. அவர் மணந்த பரிபூரணம், சர் பொன்னம்பலம் இராமநாதனின் வழிவந்த செல்வாக்கான குடும்பத்துப் பெண். நான்கு பெண் குழந்தைகளின் தாய். 1951-இல் அவர் மணவிலக்குக் கோரி வழக்குத் தொடுத்திருந்தார்.

1951 அக்டோபர் 9 அன்று, பம்பலப்பிட்டி செயின்ட் அல்பன்ஸ் பிளேஸிலிருந்த வீட்டின் கார் கொட்டகையில் பரிபூரணம் இறந்துகிடந்தார். கழுத்து நெரிக்கப்பட்டிருந்தது. சமையலறை மர உரல் கழுத்தின் மேல் கிடந்தது. முந்தின இரவு சதாசிவம் அந்த வீட்டில்தான் தங்கினார். மறுநாள் காலை பத்தரை மணி வாக்கில் வாடகைக் கார் வரவழைத்துப் புறப்பட்டுப் போனார். சில நாட்களுக்கு முன்புதான் வேலைக்குச் சேர்ந்திருந்த வில்லியம் என்ற இளவயதுப் பணியாளைக் காணவில்லை.

சதாசிவம் கைதானார். ஊர் பேசுவதற்கு வேண்டியதெல்லாம் கையில் இருந்தது. புகழ்பெற்ற ஆட்டக்காரர், பெரிய இடத்து மனைவி, வேறொரு பெண், குடி, மணவிலக்கு வழக்கு. இவற்றில் எதுவும் பொய்யில்லை. அதனால்தான் அந்த வழக்கு நமக்கு இன்றைக்கும் பாடமாகிறது. பொய்யான வதந்தியை மறுப்பது எளிது. உண்மையான தகவல்களை அடுக்கி, அவை சொல்லாத முடிவை அவற்றிலிருந்து எடுக்கும்போது மறுக்க வழி தெரியாமல் போகிறது. மோசமான கணவன் என்பதற்குச் சாட்சிகள் ஏராளம். மோசமான கணவன் அன்று காலை கொலை செய்தான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டும்.

அந்தச் சாட்சி கிடைத்துவிட்டது என்று காவல்துறை நம்பியது. தலைமறைவாயிருந்த வில்லியமைப் பிடித்தார்கள். அவனுடைய முகத்திலும் கையிலும் நகக் கீறல்கள் இருந்தன. முதலாளிதான் மாடிப் படுக்கையறையில் அம்மாவைக் கழுத்தை நெரித்துக் கொன்றார், நான் உதவினேன், பிறகு இருவருமாக உடலைக் கீழே கார் கொட்டகைக்குக் கொண்டுவந்து போட்டோம் என்று அவன் சொன்னான். நிபந்தனை மன்னிப்புப் பெற்று, அரச தரப்பின் முதன்மைச் சாட்சியாகக் கூண்டில் ஏறினான். அவன் சொன்னபடி பார்த்தால் கொலை நடந்தது சதாசிவம் காரில் ஏறுவதற்கு முன்பு. எனவே மொத்த வழக்கும் ஒரே கேள்வியில் வந்து நின்றது. பரிபூரணம் இறந்தது பத்தரைக்கு முன்பா, பின்பா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடியவர் பேராசிரியர் ஜி.எஸ்.டபிள்யூ. டி சேரம். கொழும்பு மருத்துவ பீடத்தின் தடய மருத்துவப் பேராசிரியர். பரிபூரணத்தின் உடலைப் பிரேத பரிசோதனை செய்தவர். இறந்தவரின் உடல் வெப்பம் மெல்ல மெல்லச் சுற்றுப்புற வெப்பத்துக்கு இறங்கும். எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்தால், எத்தனை மணி நேரம் ஆகியிருக்கும் என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். ஐரோப்பியப் பாடநூல்கள் மணிக்கு ஏறத்தாழ ஒன்றரை பாரன்ஹீட் பாகை குறையும் என்று பொதுக்கணக்கு வைத்திருந்தன. அது குளிர்நாட்டுக் கணக்கு. கொழும்பின் புழுக்கத்தில் உடலுக்கும் அறைக்கும் இடையே உள்ள வெப்ப வேறுபாடே குறைவு. உடல் குளிர நேரம் பிடிக்கும். இறந்த உடனே வெப்பம் இறங்கத் தொடங்குவதும் இல்லை, கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். அந்தக் ‘கொஞ்ச நேரம்’ எவ்வளவு என்பதில் ஒரு மனிதனின் கழுத்து தொங்கிக்கொண்டிருந்தது.

இறந்த நேரம் நிமிடக் கணக்கில் உறுதியாகத் தெரிந்த உடல்கள் கிடைத்தால்தான் வெப்பமண்டலத்துக்கான கணக்கைப் போட முடியும். அப்படிப்பட்ட உடல்கள் கிடைத்த இடம் தூக்குமேடை. டி சேரமும் அவரோடு பணியாற்றியவர்களும் தூக்கிலிடப்பட்ட கைதிகளின் உடல் வெப்பத்தை மணிக்கணக்கில் அளந்து குறித்தார்கள். அந்த ஆய்வு 1955-இல் குற்றவியல் ஆய்விதழில் வெளியாயிற்று. தடய மருத்துவ நூல்களில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. அவருடைய மதிப்பீடு, வில்லியம் சொன்ன நேரத்துக்குப் பிந்திய நேரத்தையே காட்டியது. கவனியுங்கள், டி சேரம் எதிர்த்தரப்பு காசு கொடுத்துக் கூட்டிவந்த நிபுணர் இல்லை. அரசின் சார்பில் உடலைப் பார்த்தவர். தன் கருவி காட்டிய எண், காவல்துறையின் கதைக்கும் ஊரின் கதைக்கும் ஒத்துவராதபோது அதை மாற்றிக்கொள்ளாமல் நின்றார். அந்த நிலைப்பாட்டின் மீது எனக்குப் பெரும் மரியாதை உண்டு.

சதாசிவத்துக்காக வாதாடியவர் கொல்வின் ஆர். டி சில்வா, இடதுசாரித் தலைவர், நாட்டின் தலைசிறந்த குற்றவியல் வழக்கறிஞர்களில் ஒருவர். அவர் தரப்பு எடின்பரோவிலிருந்து தடய மருத்துவ மேதை சர் சிட்னி ஸ்மித்தைச் சாட்சியாக வரவழைத்தது. ஸ்மித்தின் பார்வை ஓர் எளிய இடத்தில் போய் நின்றது, இறந்த பெண்ணின் உள்ளங்கால். அதில் அழுக்கு ஒட்டியிருந்தது. மாடிப் படுக்கையறையில் கொல்லப்பட்டுத் தூக்கிக்கொண்டு வரப்பட்டவரின் காலில் அந்த அழுக்கு எப்படி வரும்? வெறுங்காலோடு சமையலறைத் தரையில் நடமாடியவரின் கால் அது. கொலை சமையலறையில் நடந்தது, கணவன் போன பின்பு நடந்தது, வில்லியமின் கீறல்கள் பரிபூரணம் போராடியபோது விழுந்தவையாக இருக்கலாம் என்பது ஸ்மித்தின் முடிவு. பின்னாளில் தம் நினைவு நூலிலும் இந்த வழக்கைப் பற்றி எழுதினார்.

புதுக்கடை நீதிமன்றத்தில், நீதிபதி ஈ.எஃப்.என். கிராஷியன் முன்னிலையில் 57 நாட்கள் விசாரணை நடந்தது. 1953 ஜூன் 25 அன்று நடுவர் குழுவினர் ஒருமனதாகக் குற்றவாளி இல்லை என்றார்கள். அதற்குள் சதாசிவம் இருபது மாதங்கள் சிறையில் கழித்திருந்தார். பிற்பாடு சிங்கப்பூர், மலாயா அணிகளுக்கும் தலைமை தாங்கினார். 1977-இல் இறந்தார்.

இந்த வழக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுகிறார்கள், விஞ்ஞானம் வென்றது என்று. எனக்கு இதற்குப் பிறகு நடந்ததுதான் அதிகம் உறுத்துகிறது. சதாசிவம் விடுதலையானதும் ஊரின் விரல் அதே வேகத்தில் வில்லியம் பக்கம் திரும்பியது. ‘வேலைக்காரப் பையன்தான் கொன்றான்’ என்று இன்றுவரை எழுதுகிறார்கள். சான்றுகள் அவனை நோக்கிச் சாய்கின்றன என்பது உண்மைதான். ஆனால் வில்லியமைக் கொலைக் குற்றத்துக்காக எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை. அவனுக்காக ஒரு கொல்வின் எழுந்து குறுக்கு விசாரணை செய்ததில்லை; சிட்னி ஸ்மித் கடல் கடந்து வந்ததில்லை. பணமும் புகழும் இருந்தவருக்குக் கிடைத்த சந்தேகத்தின் பலன், கிராமத்திலிருந்து வந்த பணியாளுக்கு ஊர்ப்பேச்சில் கூடக் கிடைக்கவில்லை. பரிபூரணமோ இரண்டு கதையிலிருந்தும் நழுவிப்போனார். அந்த வழக்குக்குப் பெயரே ‘சதாசிவம் வழக்கு’. நான்கு பெண்களை வளர்த்துக்கொண்டு, தனக்கு ஒவ்வாத மணத்திலிருந்து சட்டப்படி விலக முடிவெடுத்த துணிச்சலான பெண் என்று அவரைப் பற்றி எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள்?

இதே காலத்தில் நம் ஊரிலும் ஒரு வழக்கு பற்றி எரிந்தது. 1952 ஆகஸ்டில் சென்னைப் பாரிமுனையில் பேனா விற்ற ஆளவந்தாரின் உடல், தலையில்லாமல், டிரங்குப் பெட்டிக்குள் மானாமதுரையில் கண்டெடுக்கப்பட்டது. எழும்பூரிலிருந்து இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸில் தாம்பரம், செங்கல்பட்டு வழியாகப் போன பெட்டி அது. கைதானவர்கள் பிரபாகர மேனனும் அவர் மனைவி தேவகியும். இங்கே கணவன் மீது ஊருக்குக் கோபம் வரவில்லை, பரிதாபம் வந்தது. இறந்தவன் பெண்பித்தன் என்ற பேச்சு பரவியிருந்ததால், கொலையே பாதி நியாயமாகிவிட்டது. மேனனுக்கு ஏழாண்டும் தேவகிக்கு மூன்றாண்டும்தான் தண்டனை. கொலையைப் பற்றிய பேச்சுக்கென்றே தமிழில் ஓர் இலக்கிய வகை இருந்தது, கொலைச்சிந்து. பரபரப்பான கொலை நடந்தால் சில நாட்களில் மலிவுத் தாளில் அச்சாகி, சந்தையிலும் ரயிலிலும் பாடி விற்கப்பட்டது. கேட்டவர் மனத்தில் அந்தச் சிந்துதான் தீர்ப்பு. நீதிமன்றம் பின்னால் சொன்னது பலர் காதில் ஏறவே இல்லை. சதாசிவத்திடம் தேடிய நடத்தைக் குறையை ஆளவந்தாரிடமும் தேடினார்கள். ஒருவரைக் கொலைகாரர் ஆக்கவும் இன்னொருவரைக் கொல்லத் தக்கவர் ஆக்கவும் அதே அளவுகோல் பயன்பட்டது. கணவன் கையால் இறந்த எத்தனையோ பெண்களை ‘அவ எப்படி இருந்தாளோ’ என்று மறுபடி கொல்வதும் இதே அளவுகோல்தான்.

கணவனுக்கு எதிரான பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் சாம் ஷெப்பர்ட் வழக்கைப் பார்க்கலாம். 1954 ஜூலை 4 அன்று ஒஹாயோ மாநிலத்தில் அந்த மருத்துவரின் கர்ப்பிணி மனைவி மேரிலின் வீட்டில் அடித்துக் கொல்லப்பட்டார். ஷெப்பர்டுக்கும் வேறொரு பெண்ணுடன் உறவு இருந்தது. அவரை ஏன் இன்னும் கைது செய்யவில்லை என்று உள்ளூர் நாளிதழ் முதல் பக்கத்தில் கேட்டது. நடுவர் குழுவினரின் பெயரும் முகவரியும் செய்தித்தாளில் வந்தன. தண்டனை உறுதியானது. பத்தாண்டு சிறைக்குப் பின், 1966-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது நியாயமான விசாரணையே அல்ல என்று தள்ளியது, மறுவிசாரணையில் விடுதலையானார். கொழும்பில் சதாசிவத்துக்குக் கிடைத்ததும் ஷெப்பர்டுக்குக் கிடைக்காததும் ஒன்றுதான், வெளியே ஓடிய பேச்சுக்குச் செவிசாய்க்காத ஒரு நீதிமன்ற அறை.

இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன் 1984-இல் வந்த சரத் பிர்திசந்த் சர்தா வழக்கு இன்னும் கடினமானது. புனேயில் மணமாகி நான்கே மாதங்களான மஞ்சு நஞ்சால் இறந்திருந்தார். கணவனிடம் தான் படும் துயரத்தைத் தமக்கைக்கும் தோழிக்கும் கடிதமாக எழுதியிருந்தார். விசாரணை நீதிமன்றம் கணவனுக்குத் தூக்குத் தண்டனை விதித்தது, உயர் நீதிமன்றம் உறுதி செய்தது, உச்ச நீதிமன்றம் விடுவித்தது. சூழ்நிலைச் சான்றுகளை மட்டும் நம்பித் தண்டிப்பதற்கு வேண்டிய ஐந்து நிபந்தனைகளை அந்தத் தீர்ப்புதான் வகுத்தது. சந்தேகம் எவ்வளவு வலுத்தாலும் நிரூபணத்தின் இடத்தில் அமர முடியாது. சான்றுகளின் சங்கிலியில் வேறு விளக்கத்துக்கு இடைவெளி இருக்கக் கூடாது. இன்றும் செங்கல்பட்டில் கணவன் மீதான கொலை வழக்கில் வழக்கறிஞர் வாதாடினால் இந்தத் தீர்ப்பைச் சொல்லாமல் முடிக்கமாட்டார். அந்தக் கடிதங்களை நினைக்கும்போது இந்தத் தீர்ப்பு எனக்கு எளிதாக ஜீரணமாவதில்லை. அந்தப் பெண்ணின் துயரம் உண்மை. அவர் தானே நஞ்சு அருந்தியிருக்க வாய்ப்பில்லை என்று யாராலும் நிறுவ முடியவில்லை என்பதும் உண்மை.

பெண்களின் பக்கம் சட்டம் கண்மூடி இருந்துவிடவும் இல்லை. வீட்டுக்குள் நடந்தது வீட்டில் இருந்தவனுக்கே தெரியும், ஆகவே அவன் விளக்கம் சொல்லியாக வேண்டும் என்று 2006-இல் திரிமுக் மாரோதி கிர்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதற்கு அடிப்படையான பழைய சாட்சியச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு இப்போது பாரதிய சாட்சிய சட்டத்தின் 109-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. மணமாகி ஏழு ஆண்டுக்குள் பெண் இயற்கைக்கு மாறாக இறந்து, அதற்குச் சற்று முன்பு வரதட்சணைக் கொடுமை நடந்ததாகக் காட்டினால், வரதட்சணை மரணம் என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரு முன்நிபந்தனை உண்டு. அடிப்படை உண்மைகளை முதலில் அரசுத் தரப்பு நிறுவ வேண்டும். அவன் அந்த நேரத்தில் வீட்டில் இருந்தானா, கொடுமை நடந்ததை யார் பார்த்தார்கள் என்பவை நிறுவப்படாவிட்டால் இந்தப் பிரிவுகள் உதவிக்கு வரமாட்டா.

அவற்றை நிறுவ வேண்டியவர்கள் யார் என்று பார்த்தால் பேச்சு நம் வாசலுக்கே வந்துவிடுகிறது. மறைமலை நகர் வந்தவர்களால் ஆன ஊர். தொழிற்பேட்டையிலும் மகேந்திரா சிட்டியிலும் கல்லூரிகளிலும் வேலைக்கென்று பல மாவட்டங்களிலிருந்து, பல மாநிலங்களிலிருந்து வந்து வாடகை வீட்டில் குடியிருப்பவர்கள் ஏராளம். ஷிப்ட் முடிந்து வந்து படுக்கிறவருக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் கூடத் தெரிவதில்லை. ஆனால் சுவர் மெலிது. சண்டைச் சத்தம் கேட்கும், பாத்திரம் உடைவது கேட்கும், பெண் அழுவது கேட்கும். அது ‘அவங்க வீட்டு விவகாரம்’. அவள் இறந்த பிறகுதான் அத்தனையும் நினைவுக்கு வருகிறது. அதுவும் பத்துப் பேரிடம் பேசிப் பேசி, கேட்டது எது, கூடச் சேர்ந்தது எது என்று தனக்கே தெரியாத நிலையில். கூண்டில் ஏறி, ‘சத்தம் எத்தனை மணிக்குக் கேட்டது?’ என்று எதிர்த்தரப்பு கேட்கும்போது அந்தச் சாட்சி உதிர்ந்துவிடுகிறது. கொலை செய்த கணவன் தப்பிப்பதும் இப்படித்தான், செய்யாத கணவன் சிக்குவதும் இப்படித்தான். ஊர்ப்பேச்சால் இறந்த பெண்ணுக்கு நன்மை என்று நினைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. கைதான கணவனின் படம் தெருத்தெருவாகக் கைப்பேசியில் சுற்றும்போது, அந்த வீட்டுக் குழந்தைகளும் அதைப் பார்க்கிறார்கள். தாயை இழந்து, தந்தை சிறையில் இருக்க, பாட்டி வீட்டில் ஒதுங்கிய பிள்ளையிடம் பள்ளியில் வந்து கேட்பார்கள். விசாரணை முடிய ஆண்டுகள் ஆகலாம். அது வரைக்கும் அந்தப் பிள்ளை ஊரின் தீர்ப்போடுதான் வளரும்.

மணமாகி ஏழு ஆண்டுக்குள் பெண் சந்தேகத்துக்குரிய வகையில் இறந்தால், நம் மாநிலத்தில் வருவாய்க் கோட்டாட்சியர் நேரில் விசாரிப்பார். ஊரில் ஆர்.டி.ஓ. விசாரணை என்பார்கள். பெற்றோரைக் கேட்பார், அக்கம்பக்கத்தாரையும் அழைப்பார். பலர் போவதில்லை, ‘கோர்ட்டு கேஸுன்னு எதுக்கு அலையணும்’ என்று. தயவுசெய்து போங்கள். நீங்கள் கேட்டதையும் பார்த்ததையும் மட்டும், தெரிந்தால் நேரத்தோடு, சொல்லுங்கள். ஊகத்தைச் சொல்லாதீர்கள். அதைவிட முக்கியமாக, அடுத்த வீட்டில் இன்று இரவு அடி விழுகிற சத்தம் கேட்டால் 181-க்கு அழையுங்கள். மகளிர் உதவி மையம் நாள் முழுவதும் இயங்குகிறது, கட்டணம் கிடையாது.